மேஜரின் நிறை

லாப்ரடோர் நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் என்னிடம் வந்து இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போகட்டும். லண்டன் நோர்பரியில் எங்கள் தெருவில் மட்டும் அந்தச் சாதியில் நாலு நின்றன. குணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை; கள்ளன் வந்தாலும் வாலை ஆட்டி உள்ளே கூட்டிக்கொண்டு வரும். ஆனால் அதன் உடம்பு இருக்கிறதே, அது வைத்தியரைப் பிழைக்க வைப்பதற்கென்றே செய்த உடம்பு. காது மடிந்து தொங்குவதால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்து நாறும். தோலுக்குக் கீழே கொழுப்புக் கட்டிகள் உருளும். இடுப்பு மூட்டு பிறவியிலேயே குழியில் சரியாகப் பொருந்தாமல், வயது போகப் போக எலும்பும் எலும்பும் உரசும். எல்லாவற்றுக்கும் மேலே பசி. வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி அதன் மூளைக்குப் போய்ச் சேருவதே இல்லை.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் வீட்டுக்காரர் கனகலிங்கத்தோடும் மேஜர் என்ற கறுப்பு நாயோடும் பத்து வருடம் மாரடித்துப் படித்தேன்.

இவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். எண்பத்து நாலில் லண்டனுக்கு வந்து, ஸ்ரெதமில் ஒரு பெற்றோல் செற்றில் காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை கல்லாவில் நின்றார். அளப்பதற்கு நிலம் இல்லாமல் போனதும் வீட்டை அளக்கத் தொடங்கினார். திரைச்சீலையின் நீளம், சோற்றுப் பானையில் தண்ணீரின் உயரம், நான் போடும் உப்பு, எல்லாவற்றுக்கும் அளவு. ஒரு முறை என் சேலை மடிப்பு ஒரு பக்கம் அரை அங்குலம் கூட என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். அன்றைக்கு அவர் உயிரோடு வீடு திரும்பியது பிள்ளையாரின் புண்ணியம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இவருக்குப் பிள்ளை என்றால் அது ஊரில் இருந்த தம்பி குகதாசன்தான். பதினைந்து வயது இளையவன். தகப்பன் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனைத் தூக்கி வளர்த்ததும் படிப்பித்ததும் இவர்தான்.

நாய் எண்பத்தாறில் வந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி முதியோர் இல்லத்துக்குப் போனபோது, இரண்டு வயது மேஜரின் கயிற்றை இவர் கையில் கொடுத்து அழுதிருக்கிறா. "ஒரு கிழமைக்கு வைச்சிருப்பம், பிறகு ஆரேனும் கேட்டால் குடுப்பம்" என்றார் என்னிடம். ஒருவரும் கேட்கவில்லை. சாமி அறை உள்ள வீட்டுக்குள்ளே நாயா என்று நான் கத்திய கத்தல் குரொய்டன் வரை கேட்டிருக்கும். மேஜர் என் காலடியில் படுத்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டது. அதோடு என் கட்சி தோற்றது.

மூன்று வருடம் பெரிய கரைச்சல் இல்லை. காதுக்கு மருந்து விட்டோம், கட்டிகளைத் தடவிப் பார்த்தோம், அவ்வளவுதான். எண்பத்தொன்பதில்தான் வசந்தமலர் வந்தாள்.

அடுத்த தெருவில் இருந்த வசந்தமலருக்கு அப்போது ஏழரைச் சனி. சனிக்கிழமைகளில் காகத்துக்கு எள்ளுச் சோறு வைக்கவேண்டும். இவளும் தோட்டத்தில் வைத்துக் கா, கா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கிறாள். லண்டன் காகங்களுக்குக் கூப்பிட்டால் வரத் தெரியாது. புறாவும் அணிலும் வந்து தின்றன. சாமத்தில் ஒரு நரி வந்து தட்டையும் கொண்டுபோனது. அவள் பதறிப்போய், கொழும்பிலிருந்து வந்து ரூட்டிங்கில் தங்கியிருந்த ஒரு சாத்திரியாரிடம் ஓடினாள். காகம் வராவிட்டால் கறுப்பு நாய்க்குக் கொடுக்கலாம், நாய் பைரவருடைய வாகனம், ஒரு குறையும் வராது என்று அவர் சொல்லிவிட்டார்.

நோர்பரியில் தமிழர் வீட்டில் நின்ற ஒரே கறுப்பு நாய் மேஜர்.

முதலில் அவள் மட்டும் வந்தாள். பிறகு அவளுடைய மச்சாள் வந்தாள். சனிப் பெயர்ச்சி வந்ததும், சனி தொட்ட பாதி நோர்பரி சனிக்கிழமை காலையில் எங்கள் வாசல் கேற்றில் நின்றது. நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த சோற்றுக் கவளங்கள், உழுந்து வடை, ஒரு வீட்டிலிருந்து நெய் விட்ட பொங்கல். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்கள். மேஜருக்கு அன்றைக்கு உண்மையிலேயே நிற்க நேரமில்லை. கேற்றின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடி ஓடி விழுங்கியது.

இரண்டு வீடு தள்ளி இருந்த பெர்னடெற்றும் ஒரு நாள் மீன் தலையோடு வந்து நின்றாள். அவள் மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளை.

"உமக்கும் சனியோ?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு அதொண்டும் இல்லை அக்கா. எல்லாரும் குடுக்கினம், நான் மட்டும் குடுக்காமல் கடந்து போனால் நாய் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?"

இவர் கொதித்துப்போனார். இவருக்குச் சாத்திரத்தில் துளி நம்பிக்கையும் இல்லை. ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கேற்றில் கட்டினார்: 'இந்த நாய்க்கும் சனிபகவானுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. உணவு கொடுக்கவேண்டாம்.' சனம் அதை வாசித்துச் சிரித்துவிட்டு, பின்வேலிக்கு மேலாக எறியத் தொடங்கியது.

தொண்ணூறு ஆனியில் ஊரில் யுத்தம் மறுபடி தொடங்கியது. குகதாசன் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டவன். வவுனியாவில் அவனைக் கண்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. இவர் செஞ்சிலுவைக்கு எழுதினார், தெரிந்த பாதிரிமார் எல்லாருக்கும் எழுதினார். மறுமொழி வரவில்லை, அல்லது தேடுகிறோம் என்று வந்தது. வசந்தமலர் ஒரு நாள் கேற்றில் நின்று, "அண்ணை, தம்பியும் மகர ராசிதானே, அவருக்கும் இப்ப ஏழரை நடக்குது, நீங்களும் ஒரு கவளம் வையுங்கோவன்" என்றாள். இவர் அவளை ஏசிய ஏச்சில் அவள் ஒரு மாதம் எங்கள் தெருவாலேயே போகவில்லை.

தொண்ணூற்றிரண்டு தையில் மேஜர் படியேறமுடியாமல் முனகியது. பின்னங்கால்கள் இரண்டும் முயல் தத்துவதுபோலச் சேர்ந்து சேர்ந்து போயின. வைத்தியர் மிஸ் ஹார்ட்லி எக்ஸ்ரே எடுத்துக் காட்டினா. இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. நிறை நாற்பத்தாறு கிலோ. சத்திர சிகிச்சை செய்யலாம், ஆனால் இந்தக் கொழுப்போடு மயக்க மருந்து கொடுத்தால் எழும்பாது. எழும்பினாலும் இந்தப் பாரத்தைப் புது மூட்டுத் தாங்காது. கோடைக்குள் முப்பத்தெட்டுக்குக் கொண்டுவாருங்கள், செய்கிறேன் என்றா. வராவிட்டால் வேதனையோடு இழுபட விடாமல் ஊசி போட்டு அனுப்புவதுதான் நல்லது என்றும் ஒளிக்காமல் சொன்னா.

அந்தச் சனிக்கிழமை நானே கேற்றில் போய் நின்றேன். என் வாயைப் பற்றி ஊருக்குத் தெரியும். "இனி ஒருத்தரும் ஒரு பருக்கை போடக்கூடாது. போட்டால், உங்களைப் பிடிச்சிருக்கிற சனி போதாதெண்டு நானும் வந்து பிடிப்பன்" என்றேன். பெர்னடெற் உட்பட எல்லோரும் கலைந்துபோனார்கள். அதற்குப் பிறகு உண்மையாகவே ஒருவரும் வரவில்லை.

இவர் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் குளியலறைக் கதவில் ஒட்டினார். காலையில் நூற்றைம்பது கிராம் பிஸ்கற், மாலையில் நூற்றைம்பது. ஞாயிறு தோறும் நிறுவை. எங்களிடம் இருந்தது மனிதர் ஏறும் தராசு. அதனால் முதலில் இவர் தனியே ஏறி எழுதுவார். பிறகு மேஜரைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறுவார். நாய் உதறும், இவர் தள்ளாடுவார், நான் முழங்காலில் இருந்து முள்ளை வாசிக்கவேண்டும். கூட்டுத்தொகையில் இவரைக் கழித்தால் நாய். நில அளவைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டால் இதுவும் செய்யத்தான் வேண்டும்.

முதல் இரண்டு கிழமை ஒரு கிலோ குறைந்தது. பிறகு நின்றது. மாசி முடிய நாற்பத்தாறுக்கே திரும்பியது. பங்குனியில் நாற்பத்தேழு. பிஸ்கற்றை நூற்றிருபதாகக் குறைத்தோம், அசையவில்லை. மிஸ் ஹார்ட்லி தன் தராசிலும் ஏற்றிப் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ சாப்பாடு போகிறது என்றா. இவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீர்தான்."

"என்ன நான்தான்?"

"சமைக்கேக்கை நீர் குடுக்கிறீர். அது உம்மடை காலுக்கை படுத்தால் உமக்கு மனம் கேளாது."

வைத்தியருக்குத் தமிழ் விளங்காது என்றாலும், யார் கள்ளி என்பது விளங்கியிருக்கும். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. மூன்று மாதமாக அந்த நாயின் பார்வைக்குப் பயந்து, கதவைச் சாத்திவிட்டு அப்பளம் பொரித்தவள் நான். வீட்டுக்கு வந்து நாலு நாள் இவரோடு கதைக்கவில்லை. காலையில் இவருடைய மதியச் சோற்றை ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு, மேசையில் தட்டென்று வைப்பதோடு சரி.

ஐந்தாம் நாள் குளியலறை கழுவும்போது அந்தத் தாள் கண்ணில் பட்டது. மூன்று நிரல்கள். இவர், இருவரும் சேர்ந்து, நாய். நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் மூன்றாவது நிரலைத்தான் பார்ப்போம். அன்றைக்கு ஏனோ முதல் நிரலை மேலிருந்து கீழே வாசித்தேன். தையில் அறுபத்தெட்டு. மாசியில் அறுபத்தைந்து. பங்குனி முடிவில் அறுபது. நாய்க்குப் பத்தியம், மெலிந்தது மனிதன். கதவில் தொங்கிய காற்சட்டையின் பெல்ற்றை எடுத்துப் பார்த்தேன். ஆணியால் குத்திய புது ஓட்டைகள் மூன்று இருந்தன.

புதன்கிழமை, நான் வேலை செய்த லோண்ட்ரியில் தலையிடி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வெளிக்கிட்டேன். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து, மூன்று மணிக்கு மேஜரைப் பார்க்குக்குக் கூட்டிப்போவது இவருடைய வழக்கம். நான் மரங்களுக்குப் பின்னால் ஒளியவில்லை; ஒளிந்து நடக்கும் உடம்பும் எனக்கில்லை. நேரே பாதையால் நடந்து போனேன். ஒரு வாங்குப் பலகையில் எனக்கு முதுகு காட்டி இருந்தார். மடியில் என் ஐஸ்கிறீம் டப்பா. காலையில் நான் வைத்த சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் தொடப்படாமல் இருந்தன. கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன இருமல் மருந்துப் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, சோற்றில் ஒரு மூலையில் நல்லெண்ணெய் விட்டார். பிசைந்து ஒரு கவளம் உருட்டி மேஜரின் வாய்க்கு நேரே நீட்டினார். கொடுக்க முன்னர், கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"குகதாசன். திருவோண நட்சத்திரம். மகர ராசி."

இரண்டாம் கவளத்துக்கும் அதையே சொன்னார். மூன்றாவது உருட்டும்போது நான் முன்னால் போய் நின்றேன்.

"இஞ்சை என்ன நடக்குது?"

"நீர் வேலைக்குப் போகேல்லையே?"

"நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. கேற்றிலை வந்த சனத்தை விரட்டு விரட்டெண்டு விரட்டினியள். மட்டை எழுதித் தொங்கவிட்டியள். டொக்டருக்கு முன்னாலை என்னைக் கள்ளியாக்கினியள்."

"ஓம்."

"ஓமோ? ஓம் எண்டால் காணுமோ?"

அவர் கையில் இருந்த கவளத்தைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தார். மேஜர் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முதல்லை சனிக்கிழமைகளிலை மட்டும்தான் குடுத்தனான்" என்றார். "கேற்றிலை குடுக்கிற சனத்தோடை அது தெரியேல்லை. ஒரு வரியமாய் ஒண்டும் நடக்கேல்லை. பிறகு யோசிச்சன், கிழமையிலை ஒருநாள் காணாதாக்கும், ஒவ்வொருநாளும் குடுத்துப் பாப்பம் எண்டு."

"உங்களுக்கு இதிலை நம்பிக்கை இருக்கோ?"

"இல்லை."

"பிறகேன் குடுக்கிறியள்?"

"நான் நிப்பாட்டின கிழமை பாத்து அவனுக்கு ஏதும் நடந்தால்?"

நானும் அவருக்குப் பக்கத்தில் அந்த வாங்கில் இருந்தேன்.

"இந்த நாய் கோடைக்கை ஊசியிலை போய்ச் சேர்ந்தால் ஆருக்குக் குடுக்கப்போறியள்?" என்று கேட்டேன். அப்போது குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"அதையும் யோசிச்சனான் தவநாயகி. நிப்பாட்டினால் தம்பி. நிப்பாட்டாட்டி இவன்." மேஜரின் தலையைத் தடவினார். "எந்தக் கணக்கிலையும் சரி வருகுதில்லை."

எண்ணெய் படாத சோற்றை ஒரு பக்கமாகத் தள்ளி, டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். "முதல் இதைச் சாப்பிடுங்கோ. என்ரை கண்ணுக்கு முன்னாலை." அவர் சாப்பிட்டார். மூன்று மாதப் பசி. எனக்குக் கோபமும் ஆறவில்லை, அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் மூக்குத்தான் ஒழுகும். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, அவர் டப்பாவை வழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவருக்குச் சொல்லாமல் மிஸ் ஹார்ட்லியிடம் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் எல்லாவற்றையும் சொன்னேன். புருசனின் தம்பி காணாமல் போனது, சனி என்ற கிரகம், கறுப்பு நாய், நல்லெண்ணெய். பைத்தியக்காரி என்று நினைத்தாலும் நினைக்கட்டும். அவர் நிறுத்தமாட்டார், அதனால் எவ்வளவு கொடுக்கலாம் என்று நீ சொல்லு என்றேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. கவளம் இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கவேண்டும் என்று விதி உண்டா என்று மட்டும் கேட்டா. நான் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு விதியை ஒருவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

மேஜரின் பத்தியத் தாளை எடுத்துக் கடைசி வரியில் எழுதினா: சனிக்கிழமை மட்டும், சோறு, மட்டமாக ஒரு மேசைக்கரண்டி, எள்ளெண்ணெய் மூன்று துளி, அன்று காலை பிஸ்கற்றில் பத்துக் கிராம் குறைக்கவும். கீழே கையெழுத்தும் முத்திரையும். சனிபகவானுக்கு லண்டனில் ஒரு மிருக வைத்தியர் அளவு எழுதிக் கொடுத்த சங்கதி வேறெங்கும் நடந்திருக்காது.

இவர் அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். அளவும் முத்திரையும் உள்ள கடதாசிக்கு இவர் வாழ்நாளில் மாறு செய்ததில்லை. சனிக்கிழமை கரண்டியில் சோற்றை எடுத்து, கத்தியின் முதுகால் மட்டம் தட்டி, மூன்று துளியை எண்ணி விட்டார். மற்ற நாட்களில் நான் கொடுத்த டப்பாவைக் காலி செய்து, கழுவிக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்பது என்னுடைய சட்டம்.

ஆவணியில் மேஜர் முப்பத்தெட்டைத் தொட்டது. இவர் அறுபத்தாறுக்கு வந்தார். மிஸ் ஹார்ட்லி சொன்னபடி இடது பக்கத்தையும், ஆறு மாதம் கழித்து வலது பக்கத்தையும் வெட்டிச் சரிசெய்தா. கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் படியேறியது. அதற்குப் பிறகும் காது நாறியது, கட்டி வந்தது, ஒரு நத்தார்ப் பண்டிகைக்குப் பெர்னடெற் வீட்டு முழு வான்கோழியையும் மேசையிலிருந்து இழுத்துத் தின்றுவிட்டு இரண்டு நாள் படுத்தது. நான் கத்தாத நாள் இல்லை.

தொண்ணூற்றாறு ஐப்பசியில், பன்னிரண்டு வயதில், மேஜர் குசினி வாசலில் படுத்தபடியே போய்விட்டது. குகதாசனைப் பற்றி அதுவரைக்கும் ஒரு வரிச் செய்தியும் வரவில்லை. அவனுடைய ஏழரைச் சனி கணக்குப்படி அந்த வருடத்துக்கு முன்னரே முடிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காலை நான் கீழே வந்தபோது இவர் குசினியில் நின்றார். கரண்டியால் அளந்து, மட்டம் தட்டி, எண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டியிருந்தார். உள்ளங்கையில் அந்தச் சின்னக் கவளம் இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். குப்பையில் போட அவருக்குக் கை வராது, வைத்திருக்கவும் ஏலாது. பத்து நிமிடம் பார்த்தேன். எனக்குப் பொறுமை பிறவியிலேயே இல்லை.

"கொண்டாங்கோ இஞ்சை" என்று அவர் கையிலிருந்து எடுத்து என் வாய்க்குள் போட்டேன்.

"விசரே உமக்கு! துப்பும். தோசம் கழிக்கிற சோறு, மனிசர் தின்னக்கூடாது. உம்மைப் பிடிக்கும்."

"பிடிச்சால் பிடிக்கட்டும்" என்றேன் வாய் நிறையச் சோற்றோடு. "நான் விழுங்கப்போறன். கெதியாய்ப் பேரைச் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். நான் விழுங்கினேன்.